சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வயது 52. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மூன்று நான்கு வருஷமாகக் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி வருகிறது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்று பிடிபடுவதில்லை. இடது காதில் மட்டும் ராத்திரியில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். பரிசோதனை செய்த இடத்தில் 'நரம்பு பலவீனம், வயசானா இப்படித்தான்' என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிஷின் வைத்தால் காது சோம்பேறியாகிவிடும் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். உங்கள் கேள்வி, 'முழுச்செவிடாகிவிடுவேனா, இதை நிறுத்த வழி இருக்கிறதா?' ஆனால் கடைசியில், போகிற போக்கில், 'ஸ்கூலில் இன்னும் யாருக்கும் தெரியாது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டு கேள்விகளைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது, மிஷின் பொருத்துவது, அதோடு பழக வைப்பது, இதுதான் என் வேலை. ஈரோட்டுப் பக்கம் 20 வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். உங்கள் காதுக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை, கையில் இருப்பது நீங்கள் போட்ட ரிப்போர்ட்டின் படம் மட்டும்தான். அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை அனுபவத்தை வைத்து ஊகிக்கிறேன் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு பலமாக வந்தால் உங்களுக்குக் கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் படம். ஹெர்ட்ஸ் என்பது ஒலி தாழ்ந்ததா கீச்சென்றதா என்பதன் அளவு, டெசிபல் அதன் பலத்தின் அளவு. வலது காதில் 250, 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-த்தில் 30, 2000-த்தில் 45, 4000-த்தில் 60, 8000-த்தில் 65. இடது காதில் எல்லாமே ஐந்து பத்து கூடுதல். இது பரீட்சை மார்க் மாதிரி இல்லை, டெசிபல் எண் ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவு என்று அர்த்தம். ஆக, தாழ்ந்த, கனத்த ஒலிகள் உங்களுக்கு ஏறக்குறைய நன்றாகவே கேட்கின்றன. பஸ் வருவது, மேளம், ஹெட்மாஸ்டரின் கட்டைக் குரல் எல்லாம் கேட்கும். கீச்சென்ற ஒலிகளின் பக்கம் போகப் போகக் கோடு சரிந்துகொண்டே இறங்குகிறது. ரிப்போர்ட்டின் அடியில் 'லேசான குறைபாடு' என்று எழுதியிருக்கிறார்களே, அது 500, 1000, 2000 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து வந்த 32. நீங்கள் கணக்கு வாத்தியார், சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 4000-ஐயும் சேர்த்து நான்கால் வகுத்துப் பாருங்கள், 39 வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின் வகைப்பாட்டில் 35-ஐத் தாண்டினாலே 'மிதமான குறைபாடு'. அந்த 4000-ஐ விட்டுவிட்டதால்தான் உங்கள் சிரமம் ரிப்போர்ட்டில் தெரியவில்லை.

ஏன் சத்தம் கேட்டும் சொல் பிடிபடவில்லை என்பதற்கும் விடை அந்தச் சரிவில்தான் இருக்கிறது. தமிழில் பேசும்போது உயிரெழுத்துகள்தான் சத்தத்தைச் சுமக்கின்றன. அவை தாழ்ந்த ஒலிகள், பலமானவை. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்களும் 'ஸ்', 'ஷ்' போன்றவையும் மிக மெலிந்த, கூர்மையான ஒலிகள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அவைதான். கட்டம், பட்டம், சட்டம். மூன்றையும் யாரையாவது பக்கத்து அறையிலிருந்து சாதாரணக் குரலில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு மூன்றும் '-ட்டம்' என்றுதான் கேட்கும். முன்னால் இருந்த எழுத்து உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த எழுத்தை உங்கள் மூளை ஊகித்து நிரப்புகிறது. 'வரைபடத்தாளில் எத்தனை…' என்று ஆரம்பித்தால் கட்டம் என்று தெரிந்துவிடும். திடீரென்று பேச்சு மாறினால் தெரியாது. நாள் முழுக்க இப்படி ஊகித்துக்கொண்டே இருப்பதால்தான் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது யாரோடும் பேசப் பிடிக்காமல் போகிறது. நீங்கள் 'எரிச்சல் வருகிறது' என்று எழுதியிருந்தீர்கள். அது குணம் மாறியதால் வந்த எரிச்சல் இல்லை, களைப்பு. பிள்ளைகளின் குரலும் பெண்களின் குரலும் ஆண் குரலைவிட உச்சத்தில் இருப்பதால் அங்கேதான் முதலில் இடிக்கும். ஆறாம் வகுப்பு உங்களுக்குப் பத்தாம் வகுப்பைவிடக் கஷ்டமாக இருக்குமே?

'நரம்பு பலவீனம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிறோம், நானும் அவசரத்தில் சொல்வதுண்டு, ஆனால் பெரும்பாலும் அது தப்பு. உங்கள் ரிப்போர்ட்டில் எலும்பு வழிக் கோடும் (காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்து அளந்தது) காற்று வழிக் கோடும் (ஹெட்ஃபோன் வைத்து அளந்தது) ஒட்டியே போகின்றன. அப்படியென்றால் குறும்பி அடைப்பு, செவிப்பறை ஓட்டை, உள்ளிருக்கும் சின்ன எலும்புகள் இறுகிப்போவது போன்றவை உங்கள் பிரச்சினை இல்லை. கோளாறு உட்காதில். அங்கே நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 3,500 உள்வரிசையில், 12,000 வெளிவரிசையில். பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு, மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கின்றன, அதுதான் ஆராய்ச்சியாளர்களை விடாமல் ஓட வைக்கிறது. நத்தையின் வாசல் பக்கம் இருப்பவை உயர்ந்த ஒலிகளுக்கானவை. வாசற்படி முதலில் தேய்வதுபோல அவைதான் முதலில் போகின்றன. தேய்ந்த மயிர்ச் செல்லை வைட்டமின் மாத்திரை எழுப்பிவிடாது. பி-12 குறைபாடு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்காகச் சாப்பிடுங்கள், காது திரும்பும் என்ற நம்பிக்கையில் சாப்பிடாதீர்கள்.

உங்கள் கதையில் எனக்குக் கொஞ்சம் உறுத்துவது அந்த இடது காது. இரண்டு பக்கமும் இரைச்சல் இருந்தால் இவ்வளவு யோசிக்கமாட்டேன். ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், அந்தக் காதே கொஞ்சம் கூடுதலாக மந்தம் என்றால், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் மெதுவாக வளரும் ஒரு கட்டி இருக்கிறதா என்று பார்த்து விலக்கிவிடுவது வழக்கம். அது அபூர்வம், புற்றுநோயும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லாமல் இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ஆனால் ஓர் இ.என்.டி. டாக்டரிடம் 'ஒரு பக்கம் மட்டும்தான் சார் இரைச்சல், எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடிவு அவருடையது.

இதோடு சேர்த்து, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. மெல்ல மெல்ல மந்தமாவதற்கு அவசரம் இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு காது பொத்தென்று அடைத்துப்போய்க் கேட்கவில்லை என்றால் அது அவசரம். சளி, தண்ணீர் போயிருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகும் என்று பத்து நாள் காத்திருந்துவிட்டு வருபவர்களை மாதாமாதம் பார்க்கிறேன். உட்காது திடீரென்று விழுவதற்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். அதை முதல் சில நாட்களில் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு, இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. சிலருக்குத் தானாகவே திரும்புவதும் உண்டு. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் எல்லோரையும் ஓடிவரச் சொல்கிறோம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, இ.என்.டி.யிடம் போய்விட வேண்டும்.

சரி, உங்கள் முதல் கேள்வி. முழுச்செவிடாகிவிடுவீர்களா? வயதோடு வரும் இந்த வகை மிக மெதுவாகத்தான் நகரும், முழுச்செவிட்டில் போய் நிற்பது அரிது. இவ்வளவு நிச்சயம். உங்களுக்கு எந்த வேகத்தில் நகரும் என்பதை ஒரே ஓர் ஆடியோகிராமை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும் இல்லையா? அடுத்த வருஷம் இதே மாதத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று என்று எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். மூன்று இருந்தால் நான் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். 52 வயதுக்கு இந்தச் சரிவு கொஞ்சம் சீக்கிரம்தான், அதனால் காரணம் தேடுவது வீண் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது ஐம்பதிலேயே காது போயிற்றா, சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு பார்த்தாயிற்றா, எப்போதாவது காசநோய்க்கோ கடும் தொற்றுக்கோ ஊசி போட்டார்களா? ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகியவை உட்காதைப் பாதிக்கக்கூடியவை. உயிரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை எந்த டாக்டர் ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதினாலும் 'எனக்கு ஏற்கெனவே காது மந்தம்' என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

நிறுத்த முடியுமா என்பதற்கு: வயதை நிறுத்த முடியாது, சத்தத்தை நிறுத்தலாம். என் அப்பா 30 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். ஒரு தறிக்கூடத்துக்குள் மீட்டரை நீட்டியபோது 95 டெசிபலைத் தாண்டி முள் ஆடியதை நானே பார்த்திருக்கிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100-க்குக் கால் மணி நேரம். தறிக்காரர்களின் ஆடியோகிராமில் 4000-க்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்து 8000-த்தில் கொஞ்சம் மேலே ஏறும். உங்களுக்கு 8000 இன்னும் கீழேதான் இருக்கிறது, அதனால் இது சத்தத்தால் மட்டும் வந்தது போலத் தெரியவில்லை. ஆனாலும் இருக்கிற மயிர்ச் செல்களைக் காப்பாற்றுங்கள். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்து நாற்காலி வேண்டாம், தீபாவளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரை அடைப்பான் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பஞ்சு பெரிதாகத் தடுக்காது.

எண்ணெய், பட்ஸ், ஹேர்பின், சாவி, தீக்குச்சி. எதுவும் வேண்டாம். குறும்பி தானாக வெளியே வரும், பட்ஸ் அதை உள்ளே தள்ளி இடிக்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி விடுவது பரம்பரைப் பழக்கம், எனக்கும் பாட்டி விட்டிருக்கிறார். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் விட்டால் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மிஷின். காது சோம்பேறியாகிவிடும் என்பது உண்மையல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரியாக அளந்து பொருத்திய மிஷின் காதைக் கெடுக்காது. பிறகு ஏன் இத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள்? ஒரு மாதம் மிஷின் போட்டுக் கேட்டவர் அதைக் கழற்றியதும் உலகம் முன்பைவிட அடங்கிப்போன மாதிரி தெரியும். முன்பும் அப்படித்தான் இருந்தது, பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு: மந்தம் தன் போக்கில் கூடிக்கொண்டே போகும், பழி மிஷின் தலையில் விழும். உண்மையில் கவலைப்பட வேண்டியது எதிர்த்திசையில். பத்துப் பதினைந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு 70 வயதில் வருபவர்களுக்கு மிஷின் பழகுவது மிகக் கஷ்டமாக இருக்கிறது. 'ஸ்' என்ற ஒலி எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருக்கிறார்கள். இது என் அனுபவம். எத்தனை வருஷம் தாமதித்தால் எவ்வளவு இழப்பு என்று அட்டவணை போட்டுத் தர என்னால் முடியாது.

ஆனால் மிஷின் கண்ணாடி மாதிரி இல்லை, இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி போட்ட நிமிஷமே எழுத்து தெளிவாகிவிடும். மிஷின் போட்ட முதல் வாரம் எல்லாமே இரைச்சலாக இருக்கும். என்னிடம் வந்த ஓர் அம்மா, மிஷின் போட்டு வீட்டுக்குப் போன மறுநாள் காலையில், அடுப்படியில் ஏதோ சீறுகிறது, கேஸ் கசிகிறது என்று பயந்து மகனைக் கூப்பிட்டிருக்கிறார். தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போது வரும் 'ஸ்ஸ்' அது. பத்து வருஷமாக அவருக்கு அது கேட்டதே இல்லை. பேப்பர் புரட்டும் சத்தம், ஃபேன், செருப்புச் சரசரப்பு, கரண்டி பாத்திரத்தில் படுவது எல்லாம் முதலில் அறையும். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மூளை எதைக் கவனிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று திரும்பக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் விசேஷத்துக்கு மட்டும் மிஷின் போடுபவர்கள் பாதியில் டிராயரில் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் தினம் இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போங்கள். வகுப்பறையில் முதல் நாளே போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

விலையை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு காதுக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கும் டிஜிட்டல் மிஷின் கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கு மேலும் போகிறது. விலை ஏற ஏற இரைச்சலைக் குறைக்கும் வசதிகள் கூடும், போனோடு இணையும், ஆனால் இரைச்சலான இடத்தில் சாதாரணக் காது போல வேலை செய்யும் மிஷினை நான் இதுவரை பார்த்ததில்லை. விலையைவிடப் பொருத்துகிறவர் முக்கியம். காதுக்குள் மெல்லிய குழாயை விட்டு, மிஷினிலிருந்து வரும் ஒலி செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. 'ரியல் இயர்' என்போம். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வாரமாவது போட்டுப் பார்க்க வீட்டுக்குக் கொடுத்துவிடும் இடத்தில் வாங்குங்கள். உங்கள் மாதிரி சரிவுக்குக் காதை முழுக்க அடைக்காத, காதுக்குப் பின்னால் உட்காரும் சின்ன வகை பொருந்தும். தாழ்ந்த ஒலிகள் இயல்பாக உள்ளே போகட்டும், உயர்ந்தவற்றை மட்டும் மிஷின் ஏற்றித் தரட்டும். முடிந்தால் இரண்டு காதுக்கும். பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரண்டு காது சேர்ந்தால்தான் தெரியும், வகுப்பறையில் அது இல்லாமல் முடியாது. இணையத்தில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு வரும் கருவிகள் எல்லா ஒலியையும் சேர்த்து ஏற்றுகின்றன. ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலியையும் அவை உங்கள் தலையில் கொட்டும்.

சின்ன விஷயம், ஆனால் மிஷினைக் கைவிட வைப்பது இதுதான்: நம் ஊர் வியர்வை. ராத்திரி கழற்றியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பட்டன் பேட்டரி வகை என்றால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்தபின் ஒரு நிமிஷம் காற்றுப்பட விட்டுவிட்டுப் போடுங்கள், காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்கர் கிழித்த பேட்டரியை எடுத்து வைத்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். 'கீ' என்று விசிலடித்தால் மிஷின் கெட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை, இல்லாவிட்டால் காதில் குறும்பி சேர்ந்திருக்கும்.

இரைச்சலைப் பற்றி: அதைத் துடைத்தெடுக்கும் மாத்திரை இதுவரை இல்லை. ஜிங்கோ என்று ஒரு மூலிகை மாத்திரையை நிறையப் பேர் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நல்ல பரிசோதனைகளில் அது பலன் தரவில்லை, அமெரிக்க இ.என்.டி. சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் ஒலி குறையும்போது உள்ளே ஒலிப்பது பெரிதாகத் தெரியும், அதனால்தான் ராத்திரியில் தொந்தரவு. முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள். ஃபேன் ஓடட்டும், போனில் மழைச் சத்தம் மெதுவாக ஓடட்டும். பலருக்கு மிஷின் போட ஆரம்பித்ததுமே பகல் இரைச்சல் பின்னுக்குப் போய்விடுகிறது. எல்லோருக்கும் அப்படி என்று உறுதி தரமாட்டேன். தூக்கமே போய்விட்டது, மனம் உடைகிறது என்ற அளவுக்கு வந்தால் அதற்கென்று மனநல ஆலோசனை முறைகள் இருக்கின்றன, அவை உதவும் என்பதற்கு மருந்துகளைவிட நல்ல ஆதாரம் உண்டு.

காது மந்தம் மறதி நோயில் கொண்டுபோய் விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள், ஏதோ வீடியோ பார்த்ததாக. இங்கேதான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். நடு வயதில் காது மந்தம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வருவது சற்று அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஒன்று மற்றதை உண்டாக்குகிறதா, இரண்டுக்கும் பொதுவான காரணம் வேறு ஏதாவது இருக்கிறதா என்பது இன்னும் தீரவில்லை. 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயது வரை உள்ள சுமார் ஆயிரம் பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மிஷின் போட்டவர்கள், போடாதவர்கள் என்று மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. இதய நோய் அபாயம் போன்றவை ஏற்கெனவே கூடுதலாக இருந்த ஒரு பிரிவினருக்கு மட்டும் அறிவுத்திறன் குறைவது மெதுவாயிற்று. இதை வைத்துக்கொண்டு 'மிஷின் போடாவிட்டால் மறதி வரும்' என்று விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. பள்ளியில் யாருக்கும் தெரியாது. வேலைக்கு ஆபத்தா என்ற பயம் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலை செய்ய முடியாமல் போனால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் கணக்கில் இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் 'கேட்புக் குறைபாடு' உள்ளவர். நீங்கள் அந்தக் கோட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே நிற்கிறீர்கள். அதனால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் கிடைக்கும் இலவசக் கருவிக்கு இப்போதைக்கு நீங்கள் வரமாட்டீர்கள், வேலைக்கும் பங்கம் இல்லை.

மறைப்பதன் விலை வேறு இடத்தில் இருக்கிறது. கேட்கவில்லை என்பதை மறைக்கிறவர் தலையாட்டிச் சமாளிப்பார், சிரித்து வைப்பார், பிள்ளை 'சார், மைனஸ் போடணுமா?' என்று கேட்டதற்கு 'சரி சரி, உட்காரு' என்பார். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். காரணம் தெரியாததால் அவர்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள்: சார் கண்டுக்கமாட்டார், சார் கோபக்காரர். கொரோனா காலத்து முகக்கவசம் இப்படி எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தது தெரியுமா? அதுவரை உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தது தங்களுக்கே தெரியாமல் இருந்தவர்கள், உதடு மறைந்ததும் என்னிடம் வரிசையாக வந்தார்கள். உதட்டிலும் எல்லாம் தெரியாது. 'பாட்டி', 'மாட்டி' இரண்டும் உதட்டில் ஒன்றுதான், 'க' தொண்டைக்குள்ளேயே போய்விடும். காதும் கண்ணும் சேர்ந்தால்தான் சொல் முழுசாகும்.

வகுப்பில் ஒரே ஒரு முறை, முதல் பாடவேளையில், 'எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். நம் ஊரில் காது கேளாமையைக் கேலி செய்யாத சினிமா குறைவு, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழியே வைத்திருக்கிறோம், அதனால் இது எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லிவிட்டு வந்த ஆசிரியர்கள் யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை. பேசும் பிள்ளையின் பக்கம் நடந்து போங்கள், தூரம் பாதியானால் குரல் நன்றாகத் தெளியும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் நில்லுங்கள், வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழட்டும். உங்கள் தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் ஃபேனை மாற்றச் சொல்லுங்கள். புரியாதபோது 'என்ன?' என்று மட்டும் கேட்டால் அதே வாக்கியம் அதே வேகத்தில் திரும்ப வரும். 'மூன்றாவது கணக்கா, நாலாவதா?' என்று கேட்டால் விடை வரும். ஆசிரியர் கூட்டங்களுக்குப் பேச்சைத் தமிழிலேயே எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் போனில் கிடைக்கின்றன. இரைச்சலில் தடுமாறும், பரவாயில்லை, உதவும்.

வீட்டாருக்கும் இதே பாடம்தான், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இன்னும் கஷ்டம். கத்தக் கூடாது. உட்காது தேய்ந்தவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி சாதாரண ஆளுக்குப் போலவே, சில சமயம் அதைவிடவும் வலிக்கும். 'கேக்கல' என்பார்கள், கத்தினால் 'ஏன் கத்தறே' என்பார்கள், இரண்டும் உண்மை. முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பியபின், கொஞ்சம் நிதானமாக, வேறு வார்த்தையில் சொன்னால் போதும். என் அப்பாவுக்கு நானே அளந்து, நானே மிஷின் பொருத்தினேன். ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், ஊருக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியிலிருந்தே 'அப்பா, காபி வேணுமா?' என்று முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தேன். அவரும் மிஷினைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டிருந்தார். இப்போது கூடத்துக்குப் போய்த்தான் கேட்கிறேன். காலையில் மிஷினை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.

உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் குறைகிறது. ஒலியை மட்டும் அளந்திருக்கிறார்கள், சொல்லை அளக்கவில்லை. தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்து, நூற்றுக்கு எத்தனை சரி என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. அந்த எண் 80-க்கு மேல் இருந்தால் மிஷின் உங்களுக்கு நன்றாகவே கைகொடுக்கும். இடது காதில் மட்டும் அது மிகவும் கீழே இருந்தால் நான் முன்னால் சொன்ன எம்.ஆர்.ஐ. பேச்சுக்கு இன்னும் வலு கூடும். அந்த எண் இல்லாமல் மிஷின் வாங்காதீர்கள். எடுத்தபின் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.